தீர்ப்புகளைக் கணினியால் படிப்பது: எதைத் தேடலாம், எதை விட்டுவிடலாம்

சட்டக் கல்லூரி மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "இந்திய உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைக் கணினி முறைகளால் ஆராய்ந்து எல்.எல்.எம். ஆய்வேடு எழுத விரும்புகிறேன். ஒரு வழக்கின் முடிவை முன்கூட்டியே சொல்லும் மாடல் ஒன்றை உருவாக்குவது என் எண்ணம். நிரல் எழுதிப் பழக்கமில்லை. இது முடியுமா? எங்கே தொடங்குவது?"

முடியும். நிரல் தெரியாதது பெரிய தடை இல்லை. சட்டம் தெரிந்தவர் பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொள்வது, பைத்தான் தெரிந்தவர் சட்டம் கற்றுக்கொள்வதைவிடப் பல மடங்கு எளிது. ஆனால் முடிவைக் கணிக்கும் எண்ணத்தைக் கைவிடுங்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். ஒரு முன்தீர்ப்பு, அதாவது பிந்தைய வழக்குகளில் ஆதாரமாகக் காட்டப்படும் பழைய தீர்ப்பு, எப்படிப் பயணம் செய்கிறது, எங்கே திரிகிறது, யார் தலையில் போய் விழுகிறது என்பதைத் தேடுங்கள். கணினி நமக்கு உண்மையில் உதவக்கூடிய இடம் அது.

கணிப்பு ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதை விளக்க வேண்டும். இத்துறையில் மிகுதியாகப் பேசப்படுவது அதுதான். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2002-ஆம் ஆண்டுப் பருவத்தில் ஒரு பந்தயமே நடந்தது. ஒரு பக்கம் சட்ட வல்லுநர்கள். மறுபக்கம் ஒரு புள்ளிவிவர மாடல். அந்த மாடலுக்கு ஒவ்வொரு வழக்கைப் பற்றியும் ஆறு விவரங்கள் மட்டுமே கொடுக்கப்பட்டன: வழக்கு எந்த மேல்முறையீட்டு நீதிமன்றத்திலிருந்து வந்தது, எந்தத் துறையைச் சேர்ந்தது, மேல்முறையீட்டாளர் எத்தகையவர், எதிர்மனுதாரர் எத்தகையவர், கீழ் நீதிமன்றத் தீர்ப்பு எந்த அரசியல் சாய்வு கொண்டது, ஒரு சட்டம் அரசமைப்புக்கு முரணானது என்ற வாதம் அதில் உண்டா. மாடல் 75 விழுக்காடு வழக்குகளைச் சரியாகச் சொன்னது. வல்லுநர்கள் 59 விழுக்காட்டில் நின்றார்கள். பரபரப்பான முடிவுதான். ஆனால் அன்று அங்கே அமர்ந்திருந்த ஒன்பது நீதிபதிகளும் 1994 முதல் ஒருவர்கூட மாறாமல் சேர்ந்து இருந்தவர்கள், எல்லா வழக்குகளையும் ஒன்பது பேரும் கூடியே கேட்டவர்கள் என்பதை நினைவில் வையுங்கள். நம் உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி உட்பட 34 இடங்கள். பெரும்பாலான வழக்குகளை இருவர் அல்லது மூவர் கொண்ட அமர்வுகள் கேட்கின்றன. 65 வயதில் ஓய்வு என்பதால் முகங்கள் ஓயாமல் மாறுகின்றன. அந்த முறையை அப்படியே இங்கே பெயர்த்து நட முடியாது.

இன்னொரு வகைக் கணிப்பு, தீர்ப்பின் வாசகத்தையே கணினிக்குக் கொடுப்பது. 2016-இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் 584 வழக்குகளை வைத்துச் செய்த ஆய்வு சராசரியாக 79 விழுக்காடு சரியாகச் சொன்னது. 'ரோபோ நீதிபதி' என்று பத்திரிகைகள் எழுதின. ஆனால் கணினி படித்தது எதை? தீர்ப்பில் நீதிமன்றமே எழுதிய வழக்கு விவரப் பகுதிகளை. முடிவு தெரிந்த பிறகு, அந்த முடிவுக்குப் பொருந்தும்படி அமையக்கூடிய எழுத்து அது. எந்த உண்மையை முன்னே வைப்பது, எதை ஒரு வரியில் கடப்பது என்பதிலேயே முடிவின் சாயல் படிந்துவிடும். சட்டம் படித்த எவரும் வழக்கு விவரத்தின் முதல் இரண்டு பத்திகளிலேயே "இது தள்ளுபடி ஆகப்போகிறது" என்று மோப்பம் பிடித்துவிடுவார்கள். கணினியும் அதைத்தான் செய்தது. வழக்குத் தாக்கலான நாளில் கையில் இருக்கும் மனுவை மட்டும் வைத்துச் சொன்னால்தான் அது முன்கணிப்பு.

இந்தியாவில் ஐ.ஐ.டி. கான்பூர் ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட தொகுப்பு இதைத் தெளிவாகவே காட்டுகிறது. உச்ச நீதிமன்றத்தின் ஏறத்தாழ 35,000 தீர்ப்புகளில் இறுதி முடிவைச் சொல்லும் பகுதியை நீக்கிவிட்டு, மீதியைப் படித்து முடிவைச் சொல்லும்படி மாடல்களிடம் கேட்டார்கள். மிகச் சிறந்த மாடல் 78 விழுக்காடு எட்டியது. அதே வேலையைச் செய்த சட்டம் படித்த மனிதர்கள் 94 விழுக்காடு. காரணங்கள் எல்லாம் எழுதப்பட்ட ஒரு தீர்ப்பின் கடைசி வரியை ஊகிக்கும் வேலை அது. மொழிநுட்ப ஆராய்ச்சிக்கு அந்தத் தொகுப்பு மிகப் பயனுள்ளது. ஆனால் ஒரு சட்ட மாணவியின் கேள்விக்கு விடை அதில் இல்லை.

இனி, எது செய்யத்தக்கது என்பதற்கு வருகிறேன்.

தீர்ப்புகள் ஒன்றையொன்று மேற்கோள் காட்டுகின்றன. அந்த மேற்கோள்களைக் கோடுகளாக வரைந்தால் ஒரு வலைப்பின்னல் கிடைக்கும். இது கணினி அறிவியலிலிருந்து சட்டத்துக்கு வந்த யோசனை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. 1873-இல் சிகாகோவில் ஃபிராங்க் ஷெப்பர்ட் என்பவர் எந்தத் தீர்ப்பை எந்தப் பிந்தைய தீர்ப்பு மேற்கோள் காட்டியிருக்கிறது என்று தொகுத்து, பசை தடவிய சிறு தாள்களில் அச்சிட்டு விற்கத் தொடங்கினார். வழக்கறிஞர்கள் அவற்றைத் தங்கள் தீர்ப்புத் தொகுதிகளின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார்கள். அமெரிக்கத் தகவல் அறிவியலாளர் யூஜின் கார்ஃபீல்டு அந்த முறையைப் பார்த்துத்தான் 1955-இல் அறிவியல் கட்டுரைகளுக்கும் மேற்கோள் அட்டவணை வேண்டும் என்று எழுதினார். கார்ஃபீல்டின் வழிவந்த மேற்கோள் ஆய்வுகளைத் தங்களுக்கு முன்னோடி என்று குறிப்பிட்டே கூகுளின் நிறுவனர்கள் 1998-இல் இணையப் பக்கங்களைத் தரவரிசைப்படுத்தும் முறையை வெளியிட்டார்கள். பின்னர் 2007-இல் ஒரு குழு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 26,681 பெரும்பான்மைத் தீர்ப்புகளை எடுத்துக்கொண்டு, இணையத் தேடலுக்காக உருவான கணக்கீட்டைக் கொண்டு எந்த முன்தீர்ப்பு எவ்வளவு கனமானது என்று அளந்தது. சட்டத்தில் பிறந்த யோசனை ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேல் சுற்றிவிட்டுச் சட்டத்துக்கே திரும்பியது.

அந்தக் கணக்கீட்டின் சாரம் எளியது. முக்கியமான தீர்ப்புகளால் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு முக்கியமானது. முக்கியமான தீர்ப்புகளைத் திரட்டி மேற்கோள் காட்டும் தீர்ப்பு நல்ல வழிகாட்டி. இரண்டு மதிப்பெண்களும் ஒன்றையொன்று திருத்திக்கொண்டே நிலைபெறும். ஆண்டு வாரியாக இதைக் கணக்கிட்டால் ஒரு முன்தீர்ப்பு எப்போது எழுந்தது, எப்போது மங்கியது என்று பார்க்கலாம்.

அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்று சொன்ன கேசவானந்த பாரதி வழக்கு பெரியது என்று காட்டுவதற்கு இத்தனை பாடு வேண்டியதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். இந்த முறை யாரும் கவனிக்காத சின்னத் தீர்ப்புகளுக்காகத்தான் தேவை. நான் இதைப் பற்றிப் பேச நேரும்போதெல்லாம் எடுத்துச் சொல்லும் உதாரணம் மரண தண்டனை வழக்குகள்.

1980-இல் பச்சன் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசமைப்பு அமர்வு, 'அரிதினும் அரிதான' வழக்கில் மட்டுமே மரண தண்டனை விதிக்கலாம் என்றது. அதை முடிவு செய்யும்போது குற்றத்தை மட்டுமல்ல, குற்றவாளியின் சூழலையும் பார்க்க வேண்டும்: வயது, மனநிலை, திருந்தும் வாய்ப்பு. இது சட்டம். 1995 டிசம்பரில் ரவ்ஜி என்பவரின் மேல்முறையீட்டில் இருவர் அமர்வு, தண்டனையை முடிவு செய்யக் குற்றத்தின் தன்மையும் கொடுமையும்தான் பொருட்டு, குற்றவாளி அல்ல என்ற பொருள்பட எழுதியது. ஐவர் சொன்னதற்கு நேர் எதிராக இருவர் சொல்ல முடியாது. ஆனால் அந்த வாசகம் தீர்ப்புத் தொகுதியில் அச்சாகிவிட்டது. அரசுத் தரப்பு வழக்கறிஞர்களுக்குக் கையில் எடுக்க வசதியான வாசகம் அது. அடுத்தடுத்த அமர்வுகள் அதை மேற்கோள் காட்டின.

2009-இல் சந்தோஷ் பரியார் வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் நிறுத்திப் பார்த்தது. ரவ்ஜி தீர்ப்பு, கட்டுப்படுத்தும் முன்தீர்ப்பைக் கவனியாமல் வழங்கப்பட்டது, வழக்கறிஞர்கள் 'பெர் இன்கியூரியம்' என்று சொல்லும் வகை என்று அறிவித்தது. அதற்குள் குறைந்தது ஆறு தீர்ப்புகள் ரவ்ஜியைப் பின்பற்றி மரண தண்டனை விதித்திருந்தன என்பதையும் அந்தத் தீர்ப்பே பதிவு செய்தது. 2012-இல் ஓய்வுபெற்ற நீதிபதிகள் 14 பேர் குடியரசுத் தலைவருக்கு எழுதினார்கள்: 13 பேருக்குத் தவறாக மரண தண்டனை விதிக்கப்பட்டிருக்கிறது, குறைத்தருளுங்கள் என்று. அதற்கு மிக முன்பே இருவர் தூக்கிலிடப்பட்டுவிட்டார்கள். ஒருவர் 1996-இல்; அவர் ரவ்ஜியேதான். மற்றவர் 1997-இல்.

இந்தப் பிழை கண்ணுக்குத் தெரிய பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆனது. ஒவ்வொரு தீர்ப்பையும் தனித்தனியாகப் படித்த நீதிபதிக்கும் வழக்கறிஞருக்கும் அது தெரிந்திருக்க வாய்ப்புக் குறைவு. ஏனென்றால் பிழை ஒரு தீர்ப்பில் மட்டும் இல்லை, தீர்ப்புகளுக்கு இடையிலான கோடுகளில் இருந்தது. வலைப்பின்னலை வரைந்து வைத்திருந்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மரண தண்டனையை உறுதி செய்த தீர்ப்புகளில், சிறிய அமர்வின் தீர்ப்பைத் தண்டனைக்கு ஆதாரமாகக் காட்டிவிட்டு, அதே பொருளில் பெரிய அமர்வு சொன்னதைக் காட்டாமல் விட்டவை எவை? அல்லது பெயருக்குக் காட்டிவிட்டுக் குற்றவாளியின் சூழலைப் பற்றி ஒரு பத்திகூட எழுதாதவை எவை? கணினி சில நொடிகளில் ஒரு பட்டியலைத் தரும். அந்தப் பட்டியலை மனிதர்தான் படிக்க வேண்டும். ஆனால் எதைப் படிக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். மரண தண்டனை தவிர எத்தனையோ துறைகளில், பிணை, நிலம் கையகப்படுத்தல், தொழிலாளர் இழப்பீடு என்று, இப்படித் தவறான கிளைகள் இருக்கலாம். யாரும் தேடிப் பார்க்கவில்லை. உங்கள் ஆய்வேட்டை இங்கே அமைத்துக்கொள்ளுங்கள் என்று உரிமையோடு சொல்கிறேன்.

இதைச் செய்வதில் நடைமுறைச் சிக்கல்கள் பல. முதலாவது, இந்தியாவில் ஒரே தீர்ப்புக்குப் பல முகவரிகள். கேசவானந்த பாரதியை ஒருவர் 'ஏ.ஐ.ஆர். 1973 எஸ்.சி. 1461' என்பார், இன்னொருவர் '(1973) 4 எஸ்.சி.சி. 225' என்பார் (இரண்டும் வெவ்வேறு தீர்ப்புத் தொகுதிகளின் ஆண்டும் பக்கமும்); வேறொருவர் வழக்கின் பெயரை மட்டும் சொல்வார், அதையும் சுருக்கி. இவை மூன்றும் ஒன்றே என்று கணினிக்குச் சொல்லும் பெயர்ப்பட்டியலை நீங்கள்தான் தயாரிக்க வேண்டும். 2023-இல் உச்ச நீதிமன்றம் எந்தப் பதிப்பகத்தையும் சாராத நடுநிலைக் குறியீட்டு எண் முறையைத் தனக்கெனக் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஜனவரியில் அதிகாரபூர்வத் தீர்ப்புத் தொகுதிகளை இணையத்தில் இலவசமாகத் தேடிப் படிக்கவும் வழி செய்தது. பெரிய உதவிகள் இவை. ஆனால் பழைய தீர்ப்புகளின் உடலில் இருக்கும் மேற்கோள்கள் பழைய முகவரிகளிலேயேதான் இருக்கின்றன.

இரண்டாவது, அமர்வின் அளவு. அமெரிக்க ஆய்வுகளில் இந்தச் சிக்கலே கிடையாது, அதனால் அவர்களின் நிரல்களில் இதற்கு இடமும் இருக்காது. நமக்கோ ஒவ்வொரு தீர்ப்பிலும் எத்தனை நீதிபதிகள் அமர்ந்தார்கள் என்பது மேற்கோளைவிட முக்கியமான தகவல். பதின்மூவர் அமர்வும் இருவர் அமர்வும் வலைப்பின்னலில் ஒரே அளவுப் புள்ளிகளாக நின்றால் நீங்கள் கண்டுபிடிப்பது எதுவும் சட்டமாக இருக்காது.

மூன்றாவது, மேற்கோளின் தன்மை. பின்பற்றியதா, இந்த வழக்குக்குப் பொருந்தாது என்று வேறுபடுத்தியதா, ஐயம் தெரிவித்துப் பெரிய அமர்வுக்கு அனுப்பியதா, தவறெனத் தள்ளியதா, அல்லது வழக்கறிஞர் காட்டினார் என்பதற்காக எழுதி வைத்ததா? "மேல்முறையீட்டாளர் தரப்பில் பின்வரும் தீர்ப்புகள் சுட்டிக்காட்டப்பட்டன" என்று பத்துப் பெயர்களை அடுக்கிவிட்டு ஒன்றையும் தொடாமல் முடியும் தீர்ப்புகளை நாம் அன்றாடம் பார்க்கிறோம். எண்ணிக்கையை மட்டும் கூட்டினால் இந்தப் பத்தும் கணக்கில் ஏறிவிடும். மேற்கோள் வரும் பத்தியையும் சேர்த்து எடுத்து வைத்து, அது எந்த வகை என்று குறிக்க வேண்டும். உழைப்பு அதிகம். சட்டம் படித்தவரால் மட்டுமே செய்ய முடிந்த உழைப்பும் அதுவே.

இன்று அந்தக் குறிக்கும் வேலையை, சாட்ஜிபிடி போன்ற பெரிய மொழி மாடல்களிடம் ஒப்படைக்கும் ஆசை எல்லோருக்கும் வருகிறது. ஒப்படைக்கலாம், ஒரு நிபந்தனையோடு. முதலில் இருநூறு பத்திகளையாவது நீங்களும் உங்களைப் போல் சட்டம் படித்த இன்னொருவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் குறியுங்கள். இருவரும் எந்த அளவு ஒத்துப்போகிறீர்கள் என்று அளவிடுங்கள்; அதற்குக் 'கப்பா' என்ற எளிய அளவுகோல் இருக்கிறது. மனிதர்கள் இருவரே ஒத்துப்போகாத இடத்தில் உங்கள் வகைப்பாடே தெளிவாக இல்லை என்று பொருள், அதைத் திருத்துங்கள். பிறகு மாடலை அதே பத்திகளில் சோதியுங்கள். மாடலிடம் "இந்தப் பொருளில் உள்ள தீர்ப்புகளைச் சொல்" என்று மட்டும் ஒருபோதும் கேட்காதீர்கள். 2023-இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் அப்படிக் கிடைத்த, உலகில் இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ததற்காக 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. நீங்கள் கொடுக்கும் பத்தியை வகைப்படுத்த மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும்.

கையில் இருக்கும் தரவைவிடக் கையில் இல்லாத தரவைப் பற்றி அதிகம் யோசியுங்கள். அரசமைப்பின் 136-ஆம் பிரிவின் கீழ் வரும் சிறப்பு அனுமதி மனுக்களில் பெரும் பகுதி, காரணம் எதுவும் கூறாத ஓரிரு வரி உத்தரவோடு தள்ளுபடி ஆகின்றன. அப்படிப்பட்ட தள்ளுபடி, கீழ் நீதிமன்றம் சொன்ன சட்டத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதாகாது என்று 2000-இல் குன்ஹயம்மது வழக்கிலேயே சொல்லப்பட்டுவிட்டது. எனவே தீர்ப்புத் தொகுதிகளில் இருப்பவை, நீதிமன்றம் "இதைக் கேட்கிறேன்" என்று தேர்ந்தெடுத்தவை மட்டுமே. அவற்றை வைத்து "உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீட்டாளர் வெல்லும் வாய்ப்பு இவ்வளவு" என்று எழுதினால் அது முழுப் பிழை. வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உங்கள் கணக்கில் இல்லை.

கீழமை நீதிமன்றங்களுக்கு வந்தால் தரவு கடல் போல இருக்கிறது. மின்னீதிமன்றத் திட்டத்தில் ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்கக் குறியீடு உண்டு. தாக்கல் தேதி, பிரிவுகள், வாய்தா தேதிகள், முடிவு எல்லாம் இணையத்தில் கிடைக்கின்றன. இந்தப் பதிவுகளிலிருந்து 2010 முதல் 2018 வரையிலான 8 கோடிக்கும் மேற்பட்ட வழக்குகளை ஓர் ஆய்வுக் குழு திரட்டியது. அதில் 50 லட்சத்துக்கும் அதிகமான குற்ற வழக்குகளை எடுத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்கள்: நீதிபதியும் குற்றம் சாட்டப்பட்டவரும் ஒரே பாலினமாகவோ ஒரே மதமாகவோ இருந்தால் விடுதலை வாய்ப்புக் கூடுகிறதா? விடை: கூடவில்லை. பலரும் எதிர்பாராத முடிவு, மிகக் கவனமாகச் செய்யப்பட்ட ஆய்வு. ஆனால் அது அளந்தது நீதிபதியின் முடிவு என்ற ஒரு கட்டத்தை மட்டுமே. யாரைக் காவல்துறை பிடித்தது, யார் மீது எந்தப் பிரிவு போடப்பட்டது என்பவை அதற்கு முன்பே நடந்து முடிந்தவை. இதை ஆய்வாளர்களே குறிப்பிடுகிறார்கள். மேற்கோள் காட்டுகிறவர்கள்தான் விட்டுவிடுகிறார்கள்.

அந்த ஆய்வில் பாலினமும் மதமும் பெயர்களிலிருந்து கணினியால் ஊகிக்கப்பட்டவை. தமிழ்நாட்டு வழக்குகளில் இப்படி எதையாவது செய்ய நினைத்தால் எச்சரிக்கை தேவை. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தலைப்பெழுத்தும் தன் பெயரும்தான். சாதியைக் குடும்பப் பெயரிலிருந்து ஊகிக்கும் வட இந்திய முறை இங்கே அடியோடு பயனற்றது. 'எஸ். முருகேசன்', 'முருகேசன் எஸ்.', 'முருகேசன் த/பெ சுப்பையா' மூவரும் ஒருவரா, மூன்று பேரா என்பதைக்கூடக் கணினியால் சொல்ல முடியாது.

வழக்குகள் எந்த நீதிபதிக்குப் போகின்றன என்பது குலுக்கல் முறையில் நடப்பதில்லை என்பதும் முக்கியம். 2011-இல் இஸ்ரேலில் பரோல் வழக்குகள் 1,112-ஐ ஆராய்ந்து, உணவு இடைவேளைக்குப் பிறகு விடுதலை விகிதம் ஏறக்குறைய 65 விழுக்காடாகவும் இடைவேளை நெருங்க நெருங்கப் பூஜ்யத்தை ஒட்டியும் இருப்பதாக ஒரு கட்டுரை வந்தது. பசித்த நீதிபதி இரக்கமற்றவர் என்று உலகமெல்லாம் பேசினார்கள். அதே ஆண்டிலேயே இன்னொரு குழு மறுத்தது: வழக்கறிஞர் இல்லாத கைதிகளின் மனுக்கள் இடைவேளைக்கு முன் கடைசியாகக் கேட்கப்படுவதே அங்கு வழக்கம், அவர்களின் மனுக்கள் எந்த நேரத்திலும் குறைவாகத்தான் வெல்கின்றன. நீதிமன்ற அலுவலகத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்கும் செய்தி இது. நம் நாட்டில் எந்த அமர்வு எந்த வகை வழக்கைக் கேட்கும் என்பதைத் தலைமை நீதிபதி வகுக்கும் பட்டியல் தீர்மானிக்கிறது. ஒரு நீதிபதி பிணை மனுக்களை அதிகம் தள்ளுபடி செய்கிறார் என்று எழுதும் முன், அந்தக் காலத்தில் அவருக்கு எந்த வகைக் குற்ற வழக்குகள் ஒதுக்கப்பட்டிருந்தன என்று பாருங்கள்.

சொற்களைத் திரளாகப் படிக்கும் முறைகளும் இருக்கின்றன. இதில் எனக்கு மிகப் பிடித்தது லண்டனின் ஓல்டு பெய்லி நீதிமன்ற ஆவணங்கள் மீது 2014-இல் வெளியான ஆய்வு. 1674 முதல் 1913 வரை அங்கு நடந்த 1,97,000-க்கும் மேற்பட்ட விசாரணைகளின் பதிவுகள் எண்மமாக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் 1760-க்குப் பிந்தையவற்றை எடுத்து, வன்முறைக் குற்ற விசாரணைகளில் பேசப்பட்ட மொழியும் திருட்டு போன்ற பிற விசாரணைகளின் மொழியும் எவ்வளவு வேறுபடுகின்றன என்று ஆண்டுதோறும் அளந்தார்கள். தொடக்கத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஒரு கைக்குட்டை களவு போனதும் ஒருவர் அடித்து வீழ்த்தப்பட்டதும் ஏறக்குறைய ஒரே தொனியில் பேசப்பட்டன. அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளில் இரண்டும் மெல்ல மெல்லப் பிரிந்தன. வன்முறை தனி வகைக் குற்றம் என்ற உணர்வு ஒரு சட்டத் திருத்தத்தால் ஒரே நாளில் வந்துவிடவில்லை, தலைமுறை தலைமுறையாக ஊறி வந்தது என்பதை அந்தக் கோடு காட்டியது. தனி மனிதர் எவரும் வாழ்நாளில் படித்து முடிக்க முடியாத அளவை வைத்து, ஒரு வரலாற்றுக் கேள்விக்கு விடை கண்டார்கள்.

இந்தியாவில் இப்படி நீண்ட காலக் கோடு வரைய நினைப்பவர்களுக்குப் புதிதாக ஒரு முறிவு ஏற்பட்டிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்கு 302 என்று ஒன்றரை நூற்றாண்டாகப் பழகிய எண் இப்போது 103. புதிய சட்டத்திலும் 302 உண்டு. ஆனால் அது மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கில் பேசுவது பற்றியது. மோசடிக்கு 420 இல்லை, 318. பழைய குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும் என்பதால் இன்னும் பல ஆண்டுகள் இரண்டு எண்களும் கலந்தே வரும். பிரிவு எண்ணை மட்டும் தேடும் நிரல், கொலை வழக்குகள் திடீரெனக் குறைந்துவிட்டன என்று சொல்லும். சட்டத்தின் பெயரையும் பிரிவு எண்ணையும் அட்டவணையில் இரண்டு தனி நெடுவரிசைகளாக வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழைப் பற்றியும் சொல்ல வேண்டும். உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றங்களும் 348-ஆம் பிரிவின்படி பெரும்பாலும் ஆங்கிலத்தில் இயங்குகின்றன. ஆனால் தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் சாட்சியம் தமிழில் பதிவாகிறது, தீர்ப்புகளும் தமிழில் எழுதப்படுகின்றன. சாதாரண மனிதரின் வழக்கு முடியும் இடம் அதுதான். அந்த மொழியைக் கணினி முறையில் ஆராய்வதற்கான தொகுப்பு ஒன்றை உருவாக்குவது பெரும் பணி. பழைய கோப்புகளில் பல, யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. நகலெடுத்தால் பொருளற்ற எழுத்துக் குவியல்தான் வரும், முதலில் மாற்றி எடுக்க வேண்டும். ஸ்கேன் செய்தவற்றில் எழுத்துணரி ஒற்றெழுத்துகளைத் தவறவிடும். உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகளைச் செயற்கை நுண்ணறிவின் உதவியோடு தமிழில் மொழிபெயர்த்து வெளியிடுகிறது; மக்கள் படிக்க அது நல்லது, ஆனால் நீதிமன்றத் தமிழை ஆராய அதைத் தரவாகக் கொள்ளக் கூடாது. இந்தப் பணியை ஆய்வேட்டின் முதல் ஆண்டில் தொட வேண்டாம். ஆனால் உங்கள் தலைமுறையில் யாராவது செய்தே ஆக வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

உரிமைச் சிக்கலும் உண்டு. நீதிமன்றத் தீர்ப்பின் மூல வாசகத்தை யார் வேண்டுமானாலும் எடுத்தாளலாம். பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, நீதிமன்றமே தடை செய்யாத வரையில், அதை அனுமதிக்கிறது. ஆனால் தனியார் தொகுதிகளில் தீர்ப்பின் தலையில் சுருக்கமாகத் தரப்படும் தலைப்புக் குறிப்புகளும் அவர்கள் தங்கள் அறிவைச் செலுத்திச் சேர்த்த பகுதிகளும் அவர்களுடையவை. டி.பி. மோடக் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த எல்லையை வகுத்தது. எனவே அதிகாரபூர்வ மூலத்திலிருந்தே எடுங்கள்.

பாலியல் குற்ற வழக்குகளில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் ஊர், தேதி, உறவுமுறை, வயது ஆகியவற்றைத் தனித்தனி நெடுவரிசைகளாகப் பிரித்து ஒரு அட்டவணையாக வெளியிடும்போது, தீர்ப்பில் மறைந்திருந்த ஒருவர் அட்டவணையில் வெளிப்பட்டுவிடுவார் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. விடுதலையானவரின் பெயர் இணையத்தில் தொடர்ந்து இருக்கலாமா என்ற கேள்வியில், தீர்ப்பை நீக்கும்படி 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஓர் இணையதளத்துக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. பிரான்ஸ் 2019-இல் வேறு பக்கம் திரும்பியது: தனி நீதிபதிகளின் பெயரை வைத்து அவர்கள் தீர்ப்பளிக்கும் விதத்தை ஒப்பிடுவதையும் கணிப்பதையும் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அது மிகையான சட்டம் என்பது என் கருத்து. நீதிபதி பொது அதிகாரத்தைப் பயன்படுத்துபவர், அவருடைய தீர்ப்புகளை எண்ணிப் பார்க்கும் உரிமை குடிமக்களுக்கு இருக்க வேண்டும். சாட்சியின் பெயரும் பாதிக்கப்பட்டவரின் பெயரும் அப்படி அல்ல. ஆய்வுக்குத் தேவையில்லாத பெயர்களை முதல் நாளே நீக்கிவிடுங்கள்.

தொடங்குவதற்கு எக்செல் போதும். பச்சன் சிங் தீர்ப்புக்குப் பின் உச்ச நீதிமன்றம் மரண தண்டனை பற்றி அளித்த தீர்ப்புகளில் நூறை எடுங்கள்; அல்லது உங்களுக்கு அக்கறை உள்ள வேறு ஒரு குறுகிய பொருள். ஒவ்வொரு மேற்கோளுக்கும் ஒரு வரி: மேற்கோள் காட்டும் தீர்ப்பு, தேதி, அமர்வின் அளவு, காட்டப்படும் தீர்ப்பு, அதன் அமர்வின் அளவு, மேற்கோள் வரும் பத்தி எண், அது எந்த வகை, தண்டனை உறுதியானதா குறைக்கப்பட்டதா. முதல் நூறு தீர்ப்புகளையும் கையாலேயே படித்து நிரப்புங்கள். அதற்குள் மேற்கோள்கள் எந்தெந்த வடிவங்களில் வருகின்றன என்பது விரல்நுனிக்கு வந்துவிடும்; அந்த வடிவங்களைப் பிடிக்கும் பைத்தான் கட்டளைகளை எழுதுவது பிறகு சில வார வேலை. கையால் நிரப்பிய அந்த நூறையும் பத்திரமாக வைத்திருங்கள். நிரல் ஆயிரம் தீர்ப்புகளிலிருந்து எடுத்துத் தரும்போது, அது சரியாக எடுக்கிறதா என்று சோதிப்பதற்கு உங்களிடம் இருக்கப்போகும் ஒரே அளவுகோல் அதுதான்.